ஏரியைத் தூர் வாரினோம், மழையும் பெய்தது, தண்ணீர் மட்டும் எங்கே போனது?

கொட்டாய்க்காரன் (திங்கள், இரவு 9.10)

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரைப் போடவில்லை, போட்டால் நாளைக் காலை என் வாசலில்தான் பஞ்சாயத்து. ஏரி பதினெட்டு ஏக்கர். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 62 ஏக்கர் என்று பழைய கணக்கு. மதகைத் திறந்து நெல் நட்டதை என் வயதில் இரண்டே முறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் கோடையில் வண்டல் எடுக்க அனுமதி வாங்கினோம். 2024-ல் விதியை எளிதாக்கிய பிறகு தாசில்தார் அளவிலேயே வேலை முடிகிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்ணுக்குக் காசு இல்லை. டிராக்டர், டிப்பர் எல்லாம் அவரவர் செலவு. ஜேசிபி வாடகை ஊர்ப் பணம். நடுவில் நாலு ஏக்கர் அளவுக்கு மூன்று அடி ஆழம் இறக்கினோம். கரையைப் பலப்படுத்திப் பனங்கொட்டை ஊன்றினோம். ட்ரோன் படத்தை ஸ்டேட்டஸில் வைக்காத ஆள் ஊரில் கிடையாது.

செப்டம்பரில் என் மாடி மழைமானிக் கணக்கில் 14 செ.மீ. மழை. அதில் 5 செ.மீ. ஒரே இரவில் கொட்டியது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், குழியின் ஒரு மூலையில் முழங்கால் அளவு செந்தண்ணீர். நாலு எருமை படுத்தால் இடம் போதாது. பக்கத்து ஊர்க் குட்டையோ தளும்பி நிற்கிறது!

மேல் ஊரில் கட்டிய தடுப்பணைதான் காரணம் என்று இங்கே எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ராகிக்களி (திங்கள், இரவு 9.32)

அண்ணா, நான் பென்னாகரத்துக்காரன், வேலை ஓசூரில். நீங்கள் வராத தண்ணீருக்கு அழுகிறீர்கள், நாங்கள் வந்த தண்ணீருக்கு அழுகிறோம். பெங்களூரு கழிவெல்லாம் தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தாலே ஆளுயரம் நுரை பொங்குகிறது. மேல் ஊர்க்காரன் தடுத்தாலும் தொல்லை, அனுப்பினாலும் தொல்லை.

மேட்டாங்காடு (திங்கள், இரவு 10.05)

தம்பி, ஒரே கேள்வி. ஓடை வழியாக மேலே நடந்து பார்த்தீர்களா?

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆடி பிறக்கும் முன்னாலேயே வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். வராத வீட்டுக்குத் தண்டம் உண்டு. ஏரிக்குள் யாரும் இறங்க மாட்டோம். கரட்டு அடிவாரத்திலிருந்து ஏரி வாய் வரை ஓடையைத்தான் செதுக்கிக்கொண்டே வருவோம். விழுந்த மரம், சரிந்த மண், அடைத்த முள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு ஏரிக்கரையில் பொங்கல் வைப்போம். வண்டல், நிலத்துக்கு வேண்டுமென்று அவனவன் மாட்டு வண்டியில் எடுத்துப் போவான், அது தனி.

இப்போது எல்லா ஊரிலும் ஏரிக்குள்தான் இயந்திரம் இறங்குகிறது. படம் பிடிக்க வசதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓடையை யாரும் ட்ரோனில் எடுப்பதில்லை.

சர்வேக்கல் (செவ்வாய், காலை 6.48)

கொட்டாய்க்காரன், ஏரிக்கு நீர் வரும் நிலப்பரப்பு எவ்வளவு? மதகின் அடிக்கல் தோண்டிய குழிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இரண்டையும் சொன்னால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கொட்டாய்க்காரன் (செவ்வாய், மதியம் 1.15)

கரடு வரை நானூறு ஏக்கர் இருக்கும். மதகு மேலே. குழி அதற்குக் கீழே மூன்று அடி.

சர்வேக்கல் (செவ்வாய், இரவு 8.20)

சரி, பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். நானூறு ஏக்கருக்கு 1.6 கோடி லிட்டர். பெய்வது எல்லாம் ஓடாது; மண் குடிக்கும், செடி குடிக்கும், வெயில் குடிக்கும். பத்தில் ஒரு பங்கு ஓடிவரும் என்று வையுங்கள். நம் பக்கம் ஆண்டு மழை ஏறக்குறைய 85 செ.மீ. அப்படியென்றால் ஆண்டு முழுக்க ஏரிக்கு வரக்கூடியது 13 முதல் 14 கோடி லிட்டர்.

பதினெட்டு ஏக்கர் ஏரி, சராசரி ஆறு அடி ஆழம் என்றால் கொள்ளளவு 13 கோடி லிட்டர். பார்த்தீர்களா? ஏரி கட்டியவர் கையில் கால்குலேட்டர் இல்லை. ஆனாலும் வரவுக்குத் தகுந்த அளவில்தான் கட்டியிருக்கிறார். நல்ல வருஷத்தில் ஒருமுறை நிரம்பிக் கோடி (உபரி நீர் வழியும் கலிங்கு) வழியாக வெளியே போகும், அவ்வளவுதான்.

நீங்கள் தோண்டிய குழி சுமார் ஒன்றரைக் கோடி லிட்டர். அது மதகுக்குக் கீழே இருப்பதால் பாசனத்துக்கு ஒரு சொட்டு வராது. கிணற்றுக்கு ஊறும், மாடு குடிக்கும், அந்த வகையில் லாபம்தான். தப்பென்று சொல்லவில்லை. ஆனால் பானையைப் பெரிதாக வாங்கிவிட்டோம் என்பதற்காக அரிசி கூடாது.

இனி உங்கள் 14 செ.மீ. பத்தில் ஒரு பங்கு என்றால் 2.2 கோடி லிட்டர் வந்திருக்க வேண்டும். குழி நிரம்பி, மேலே இன்னும் முக்கால் கோடி லிட்டர் பரவியிருக்க வேண்டும். முழங்கால் தண்ணீர்தான் என்றால் நடுவில் எங்கோ களவு போகிறது.

பாம்பாற்றங்கரை (செவ்வாய், இரவு 9.02)

சர்வேக்கல் சார், அந்தப் பத்தில் ஒரு பங்கு வருஷச் சராசரி. செப்டம்பர் மழை தூறலும் சாரலுமாகப் பெய்திருந்தால் காய்ந்த மண் முழுவதையும் உறிஞ்சியிருக்கும். 14 செ.மீ. என்ற மொத்தத்தை வைத்து எப்படிக் களவு என்று சொல்கிறீர்கள்?

சர்வேக்கல் (செவ்வாய், இரவு 9.15)

நியாயமான கேள்வி அக்கா. அதனால்தான் அந்த ஒரே இரவின் 5 செ.மீ. முக்கியம். கரட்டுப் பாறையில் அப்படிக் கொட்டினால் ஓடாமல் இருக்காது. பக்கத்து ஊர்க் குட்டை தளும்புகிறது என்கிறாரே, எனக்கு அங்கேதான் சந்தேகம்.

மேல்மடை (புதன், காலை 7.30)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான்தான் அந்த "மேல் ஊர்". உங்கள் ஊர் இல்லாவிட்டாலும் இதேபோல் ஒரு மேல் ஊர். எங்கள் ஓடையிலும் தடுப்பணை இருக்கிறது, கீழ் ஊர்க்காரர்கள் எங்களையும் திருடர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் தடுப்பணை ஒரு மீட்டர் உயரம். தண்ணீர் நின்றால் முப்பது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், பின்னால் போகப்போக ஆழம் குறையும். மொத்தம் 90,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி எட்டு நின்றால் அதைவிடக் கொஞ்சம் அதிகம். உங்கள் 2 கோடி லிட்டரை நாங்கள் எங்கே ஒளித்து வைப்பது, வேட்டி மடிப்பிலா?

கொட்டாய்க்காரன் (புதன், காலை 8.10)

அண்ணா, கோபப்படாதீர்கள். ஊரில் பேசுவதைத்தான் சொன்னேன். ஆனால் உங்கள் பக்கம் பண்ணைக்குட்டைகள் இருக்கின்றனவா?

மேல்மடை (புதன், காலை 8.26)

பதினொன்று. ஒவ்வொன்றும் பத்து லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆறு குட்டைக்குத் தார்ப்பாய் விரித்து போரிலிருந்து நிரப்புகிறார்கள், ஓடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மீதி ஐந்தும் வயல் தண்ணீரை வாங்கும். மறைக்கவில்லை.

சர்வேக்கல் (புதன், இரவு 7.55)

மேல்மடை நேர்மையாகச் சொன்னதால் நானும் சொல்லிவிடுகிறேன். தடுப்பணையைக் குறை சொல்ல இடமில்லை. மண் குட்டை ஐந்தும் சேர்ந்து அரைக் கோடி லிட்டர்; முதல் மழைக்கு அது கணிசம்தான். ஆனால் அதில் ஊறுவது மேட்டுக் கிணற்றுக்கு ஊறி, கொஞ்சம் கீழேயும் இறங்கும். நம் பாறை நிலத்தில் மேலே சிதைந்த பாறை அடுக்கும் அதன் வெடிப்புகளும்தான் தண்ணீர் தங்கும் இடம். ஆயிரம் அடி போரைவிட அறுபது அடி கிணறுதான் குட்டைத் தண்ணீரை முதலில் உணரும். தார்ப்பாய் குட்டை வேறு கதை. பூமிக்கு அடியில் பத்திரமாக இருந்ததை மேலே ஏற்றி வெயிலில் காயப் போடுகிற வேலை அது. மானியம் கிடைக்கிறது என்பதற்காக அதற்கு "நீர் சேமிப்பு" என்று பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

ராகிக்களி (புதன், இரவு 8.30)

எண்ணேகொல்புதூரிலிருந்து தும்பலஅள்ளி அணைக்குக் கால்வாய் வந்தால் உங்கள் பக்கத்து ஏரிகள் எல்லாம் நிரம்பும் என்று என் மாமா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அது வந்துவிட்டால் இந்தக் கவலை எதற்கு?

மேட்டாங்காடு (புதன், இரவு 9.20)

உங்கள் மாமாவுக்கு என்ன வயது தம்பி? நானும் அதைத்தான் வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரட்டும், வந்தால் நல்லது. ஆனால் ஆற்று உபரி நீராக இருந்தாலும் கரட்டு நீராக இருந்தாலும் ஏரிக்குள் வர வாய்க்கால் வேண்டுமே. அடைத்த ஓடையில் காவிரியே வந்தாலும் ரோட்டில்தான் ஓடும்.

பாம்பாற்றங்கரை (வியாழன், காலை 10.11)

ரோட்டில் ஓடுவது என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஊத்தங்கரை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. இங்கே அப்படி ஒரு மழையை யாரும் பார்த்ததில்லை. ஏரி நிரம்பி வெளியேறிய வெள்ளம் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனது. டிவியில் பார்த்திருப்பீர்கள்.

அதனால் தண்ணீர் வரும் வழியை மட்டும் பார்க்காதீர்கள். கோடியிலிருந்து வெளியே போகும் வழியையும் பாருங்கள். தூர் வாரிய உற்சாகத்தில் கோடியின் மேல் மணல் மூட்டை அடுக்கி "இன்னும் ஓர் அடி தேக்கலாம்" என்று கிளம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கரை உடைந்தால் கீழே இருக்கும் காலனி வீடுகள்தான் முதலில் போகும். மூட்டை அடுக்கியவர் வீடு எப்போதும் மேட்டில்தான் இருக்கும்.

கொட்டாய்க்காரன் (வியாழன், இரவு 9.45)

அக்கா, எங்கள் ஊரிலும் அடுக்கியிருக்கிறார்கள். நானும் கை கொடுத்தேன். நாளைக்கே எடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓடை ஏறி நடக்கப் போகிறோம், ஐந்து பேர். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

சர்வேக்கல் (வியாழன், இரவு 10.00)

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கின் சர்வே எண்களைப் பாருங்கள். அந்த எண்களுக்குப் புலப்படம் வாங்கினால் ஓடையின் அகலம் மீட்டரில் இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்று, டேப் ஒன்று, சுண்ணாம்புப் பொடி ஒரு பை. ஆக்கிரமிப்பு இருந்தால் அங்கேயே சண்டை போடாதீர்கள், அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது நூறு ஏக்கருக்குக் குறைவு என்பதால் உங்கள் ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் இருந்தால்தான் நீர்வளத் துறை. இது தெரியாமல் மனுவைத் தப்பான மேசையில் வைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்கானது. உங்கள் ஓடைப் புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் கை கொடுக்கும்.

கொட்டாய்க்காரன் (ஞாயிறு, இரவு 8.40)

நடந்தோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்குத் திரும்பினோம். இரண்டரைக் கிலோமீட்டர்தான், ஆனால் முள்.

முதல் கால் மைல் சீமைக்கருவேல். வளைந்து, தவழ்ந்து போனோம். பழைய ஓடையின் கரை இரு பக்கமும் தெரிகிறது, நடுவில் மண் மேடிட்டிருக்கிறது.

அடுத்து தார் ரோடு. இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. ரோட்டை அகலப்படுத்தியபோது பழைய கல் பாலத்தை எடுத்துவிட்டு இரண்டு பைப் போட்டிருக்கிறார்கள். டியூப் லெவல் வைத்துப் பார்த்தோம். ஓடைப் படுகையைவிடப் பைப்பின் அடி ஒன்றரை அடி மேலே! அதிலும் ஒரு பைப் முக்கால் பங்கு மண். தண்ணீர் வந்து முட்டி, ஏற முடியாமல், ரோட்டோரப் பள்ளத்தில் திரும்பி நேராகப் பக்கத்து ஊர்க் குட்டைக்குப் போகிறது. சக்கைகள் ஒதுங்கிய கோடு அப்படியே தெரிகிறது. ஆறு வருஷமாக அந்த ரோட்டில்தான் பைக்கில் போய் வருகிறேன்.

ரோட்டுக்கு மேலே மாந்தோப்பு. புலப்படத்தில் ஓடை எட்டு மீட்டர் அகலம். தோப்புக்குள் ஓடையே இல்லை. மண் அடித்து சமப்படுத்தி இரண்டு வரிசை பெங்களூரா மரம், காய்ப்புக்கு வந்தாயிற்று. ஓரமாக ஒரு முழ அகலத்துக்குக் கால்வாய் விட்டிருக்கிறார்கள். தோப்பு என் பங்காளி வீட்டுடையது. ஒன்றாக நின்று சுண்ணாம்புக் கோடு போட்டபோது எனக்குக் கை நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கரட்டில் ஏறினால் பழைய நீர்வடிப் பகுதித் திட்டத்தில் அடுக்கிய கல் தடுப்புகள் ஏழு. நாலு நிரம்பி மேடாகிவிட்டது, மூன்று பிரிந்து கிடக்கிறது. திட்டம் முடிந்தது, குழுவும் முடிந்தது, பிறகு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் தவிர யாரும் போகவில்லை.

மேல் ஊர்த் தடுப்பணையையும் பார்த்தோம். மேல்மடை சொன்ன அளவுதான். நிரம்பி வழிந்த அடையாளம் இருக்கிறது. அதாவது அதைத் தாண்டித் தண்ணீர் வந்திருக்கிறது. மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டோம்.

மேட்டாங்காடு (ஞாயிறு, இரவு 9.30)

தம்பி, கருவேலத்தை ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினால் கரை சரியும். கரையில் இருப்பதை அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துவிடுங்கள். வெட்டிய இடத்தில் வெட்டிவேர், நொச்சி, நாணல் வையுங்கள். கருவேலம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது என்று பரவுவது வாட்ஸ்அப் கதை, அதற்காக வெட்ட வேண்டாம். ஓடையை அடைக்கிறது என்ற ஒரு காரணமே போதும்.

பிரிந்த கல் தடுப்பை மேலிருந்து கீழாகச் சரி செய்துகொண்டு வாருங்கள். கீழே முதலில் கட்டினால் மேலே இருந்து வரும் வேகம் அதையும் அடித்துப் போகும்.

ராகிக்களி (ஞாயிறு, இரவு 9.41)

பங்காளி என்ன சொன்னார்?

கொட்டாய்க்காரன் (ஞாயிறு, இரவு 9.58)

"என் அப்பா காலத்திலேயே இப்படித்தான்" என்றார். அவர் அப்பா என் பெரியப்பா. அவர் காலத்தில் அந்த ஓடையில் நான் குளித்திருக்கிறேன். அதைச் சொன்னேன். பேச்சு நின்றுவிட்டது. அடுத்த மாதம் அவர் வீட்டில் கல்யாணம், பத்திரிகை வருமா என்று தெரியவில்லை.

பாம்பாற்றங்கரை (திங்கள், காலை 9.20)

மரத்தை வெட்டச் சொல்லாமல், இரண்டு வரிசைக்கும் நடுவில் மூன்று மீட்டர் அகலம் தோண்டி விடச் சொல்லிப் பாருங்கள். எட்டு மீட்டரையும் கேட்டால் கோர்ட்டுக்குப் போவார், பத்து வருஷம் ஓடும், தண்ணீர் ஓடாது. விட்டுக்கொடுக்கிறோமா என்று சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் பாலத்துக்கும் ஓடைக்கும் தனித்தனித் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.

கொட்டாய்க்காரன் (அக்டோபர் 3, இரவு 8.05)

பாலத்தீர்மானம் போட்டாயிற்று, நகல் கையில். ஓடைத்தீர்மானத்தின்போது பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பாலத்தை எப்போது மாற்றுவார்கள் என்று தெரியாது. அதுவரை சும்மா இருக்க முடியாதென்று பைப்பில் இருந்த மண்ணை எட்டுப் பேர் சேர்ந்து வாரினோம். ரோட்டோரப் பள்ளத்தின் வாயில் மண் மூட்டை நாலு போட்டோம். மூட்டை போடும் முன் பக்கத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டோம். அவர்கள் குட்டை ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் சொல்வார்கள்.

ஒரு சந்தேகம். ஏரி நிரம்பினால் போர் தண்ணீரில் ஃபுளோரைடு குறையுமா? ஊரில் பல பேருக்குப் பல் கறை. இதைச் சொல்லித்தான் பணம் வசூலித்தோம்.

சர்வேக்கல் (அக்டோபர் 3, இரவு 9.12)

அதைச் சொல்லி வசூலித்திருக்கக் கூடாது. ஃபுளோரைடு நம் பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. மழைநீர் இறங்கினால் ஏரிக்கு அருகில் உள்ள ஆழமில்லாத கிணறுகளில் ஓரளவு நீர்த்துப் போகலாம். ஆழமான போருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் அளவு, வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை. தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் அடர்த்தியாகும். 2013-லிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதே இதற்காகத்தான். குடிக்கவும் சமைக்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாய்க்காரன் (அக்டோபர் 3, இரவு 9.30)

சரி சார். வசூல் செய்த வீடுகளுக்கு நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். திட்டு வாங்கத்தான் வேண்டும்.

பங்காளி பேசவில்லை. ஆனால் இன்று மாலை தோப்போரம் ஜேசிபி சத்தம் கேட்டது. என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேல்மடை (அக்டோபர் 9, இரவு 11.50)

கொட்டாய்க்காரன், விழித்திருக்கிறீர்களா? இங்கே ஒரு மணி நேரமாகப் பிடித்துக் கொட்டுகிறது. எங்கள் தடுப்பணை இப்போதுதான் வழிய ஆரம்பித்தது. நம் இரண்டு ஊர்ப் பக்கமும் ஒரே மேகம் என்று நினைக்கிறேன், கிழக்கே மின்னுகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பைப்புக்குப் போங்கள்.

கொட்டாய்க்காரன் (அக்டோபர் 9, இரவு 11.58)

செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன் அண்ணா.